படிவத்தில் எழுதிய ஆறு உருப்படிகள்

எங்கள் மூவருக்கும் பாட்டென்று எதுவும் கிடையாது. நான் வயலின். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு ஜவுளிக்கடைக்காரரின் மகன் கிளாரினெட். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த நண்பன், அங்கே கழித்துப் போட்ட இரும்புத் தகடுகளைத் தட்டுவான். ஒருவன் தொடங்குவான், மற்றவர்கள் கேட்டுக் கேட்டுச் சேர்ந்துகொள்வோம். எங்கே போகும், எப்போது முடியும், யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் ஜவுளிக்கடை மாடியில் துணிமூட்டைகளுக்கு வாசித்த பிறகு, எழுபதுகளின் கடைசியில், எங்கள் தேவாலய மண்டபம் ஒரு ஞாயிறு பிற்பகல் கிடைத்தது. மூன்றிலிருந்து ஐந்து வரை.

பொது நிகழ்ச்சி என்பதால் அதற்கு அரசாங்க அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். படிவம் என்னிடம் வந்தது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பன்னிரண்டு வயதிலிருந்து எல்லாப் படிவமும் என் கையெழுத்தில்தான். அப்பா பெருவிரலை மட்டும் வைப்பார். ஒருமுறை அவர் பிறந்த வருடத்தை மாற்றி எழுதிவிட்டேன். வீட்டுக்கான மனு திரும்பி வந்தது. அப்பா திட்டவில்லை. ஆனால் அதன்பிறகு, நான் எழுதியதைக் கீழ்வீட்டுக்காரரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் விரல் வைத்தார்.

"பாட்டுப் பேரு, டைம், ரெண்டு கட்டமும் காலியா இருக்கே தம்பி," என்றார் அலுவலக முகப்பில் இருந்த பெண்மணி.

"வாசிக்கும்போதுதான் தெரியும் அக்கா."

"உங்களுக்கே தெரியாட்டி மேல நான் என்னன்னு சொல்றது? ஏதாச்சும் எழுதுங்க லா."

நின்றபடியே ஆறு பெயர்களைக் கற்பனையாக எழுதினேன். 'பொங்கோல் கடல், பன்னிரண்டு நிமிடம்.' 'இரும்பு, எட்டு நிமிடம்.' இப்படியே போனது. கீழே கையெழுத்துப் போட்டேன். அனுமதியும் வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். எழுதினால் எழுதியதுதான் என்று நான் பிடித்துக்கொண்டேன்.

"நீ விட்ட புளுகுக்கு நாங்க ரிஹர்சல் பண்ணணுமா?" என்றான் வெல்டர்.

"கையெழுத்து போட்டிருக்கேன்டா!"

"பன்னெண்டாவது நிமிஷம் பொங்கோல்ல அலை நின்னுடுமா மச்சான்?" என்று சிரித்தான் கிளாரினெட்காரன். ஆனாலும் எனக்காக ஒத்துக்கொண்டார்கள்.

நாற்பது பேர் வந்திருந்தார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டேன். முதல் உருப்படியின் பன்னிரண்டாவது நிமிடத்தில்தான் கிளாரினெட் எதையோ கண்டுபிடித்தது. காற்று பாதி, சுரம் பாதியாக ஒரு ஒலி. தகடு மெதுவாக அதனிடம் போனது. கடிகாரத்தில் நேரம் முடிந்திருந்தது; நான் வில்லை உயர்த்தித் தலையாட்டினேன். இருவரும் நிறுத்தினார்கள். ஆறு தடவையும் அப்படித்தான்.

அலுவலகத்திலிருந்து யாரும் வந்து பார்க்கவில்லை.

"டைமுக்கு முடிச்சிட்டீங்க, ரொம்ப நல்லது," என்று கைகுலுக்கினார் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஒருவர்.

ஐந்து மணிக்கு மண்டபக் காவலாளி இரும்பு நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார். படார். அந்தச் சத்தத்துக்கு வெல்டர் தகட்டில் பதில் சொன்னான். காவலாளி அடுத்ததை இன்னும் பலமாக மடக்கினார். துடைத்துக்கொண்டிருந்த கிளாரினெட் மறுபடி வாய்க்குப் போனது. படியிறங்கியவர்கள் திரும்பிப் பார்த்து நின்றார்கள். இந்த இசையைக் கேட்கவைக்கத்தான் நான் அந்தப் படிவத்தையே எழுதினேன்.

வயலின் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"அஞ்சு மணி ஆயிடுச்சுடா. பர்மிட் அஞ்சு வரைக்கும்தான்," என்றேன்.

ஒருவரும் நிறுத்தவில்லை. வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். கொக்கிகள் டக், டக் என்று விழுந்தன. அதற்கும் தகட்டிலிருந்து பதில் வந்தது.