மடிக் குழந்தை படித்த போர்டு

நான் படித்ததால் கெடப் பார்த்த முதல் காரியம் ஒரு நாடகம். பின்னால் பல கெட்டே போயின. ஆனால் அவற்றில் நஷ்டம் எனக்கு மட்டும்தான்.

எங்கள் ஊர் சேந்தமங்கலத்துக்குப் பக்கம். சித்தப்பாவுக்கு அப்போது இருபது வயது இருக்கும், எனக்கு எட்டு. ஒரு ராஜபார்ட் நடிகர் மேல் அவருக்குப் பைத்தியம். நேரில் பார்த்தது கிடையாது. சேந்தமங்கலத்துச் சோடாக் கடையில் கிராமபோன் வைக்கும்போது வாசலில் நின்று கேட்டதுதான். காளை பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது அந்தப் பாட்டுகளைச் சித்தப்பா பாடுவார், காளைகள் நின்றுவிடும். சொக்கிப்போய் நிற்பதாக அவர் நம்பினார்.

அவருக்கு எழுத்து தெரியாது. எங்கே எழுத்தைக் கண்டாலும் நான் உரக்கப் படித்துச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. அந்த ராஜபார்ட் நாமக்கல் கொட்டகைக்கு ஒரே ஒரு நாள் வருகிறார், தரை டிக்கெட் இரண்டணா என்று நோட்டீசைப் படித்துச் சொன்னவனும் நான்தான். அதற்குக் கூலியாக என்னையும் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து நாலணா வேட்டி மடிப்பில் ஏறியது.

நடந்து போய்ச் சேர்ந்தால், கொட்டகை வாசலில் ஒரே இரைச்சல். கூட்டத்தைப் பார்த்த நாடகக் கண்டிராக்டர் தரையை நாலணா ஆக்கிவிட்டார்.

"நோட்டீசுல ரெண்டணான்னுதானுங்க போட்டிருக்குது?" என்றார் வெண்ணந்தூரிலிருந்து வண்டி கட்டி வந்திருந்த ஒரு பெரியவர்.

"அது காலையில. இப்ப சாயந்திரம்" என்றார் கண்டிராக்டர்.

வண்டிக்காரர்கள் யாரும் உள்ளே போகவில்லை; முணுமுணுத்துக்கொண்டே மாடுகளை அவிழ்த்தார்கள். சித்தப்பா மட்டும் என்னைப் புளியமரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். இடுப்பில் தூக்கிவைத்துத் துண்டால் தலையோடு போர்த்தினார்.

"வெரலை வாயில போட்டுக்க சாமி. நீ இப்ப கைக்கொழந்தை."

இடுப்பிலிருந்து என் கால்கள் அவர் முழங்காலுக்குக் கீழே தொங்கின. ஆனாலும் டிக்கெட் கிழிப்பவர் எங்களைப் பார்த்து அலுப்போடு கையை நீட்டினார். சித்தப்பா நாலணாவை எடுத்தார். ராஜபார்ட்டுக்கும் அவருக்கும் நடுவே இன்னும் நாலடி.

அப்போதுதான் டிக்கெட் கிழிப்பவர் தலைக்கு மேல் தொங்கிய போர்டு என் கண்ணில் பட்டது. எழுத்தைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். விரலை வாயிலிருந்து எடுத்தேன். பள்ளிக்கூடத்துக் குரலில், "தரை நாலணா. மடிக் குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை!" என்று முழங்கினேன்.

டிக்கெட் கிழிப்பவர் துண்டை விலக்கிப் பார்த்தார். "கொழந்தை நல்லாப் படிக்குதுங்களே! பல்லு மொளைச்சிருச்சுங்களா?"

சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. "நீங்க மட்டும்னா உள்ள போங்க" என்றார் அவர். சித்தப்பா கையிலிருந்த காசைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, வண்டிகள் நின்ற பக்கம் நடந்தார்.

நாடகம் ஆரம்பமாயிற்று. கொட்டகையைச் சுற்றியிருந்த தட்டியில் எனக்கு ஒரு ஓட்டை அகப்பட்டது. சோபாவும் சேரும் நிறைந்திருந்தன; தரையில் மணல்தான் இருந்தது. ராஜபார்ட் பாடிக்கொண்டே வந்தார். மைக் இல்லாத காலம். அந்தக் குரல் தட்டியைத் தாண்டி வந்து மாடுகளின் மேல்கூட விழுந்தது. சித்தப்பா வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

பாட்டு முடிந்தது. ஒரு சத்தமும் இல்லை. 'ஒன்ஸ் மோர்' கேட்பது தரைக்காரர்கள் வேலை. சேரில் உட்கார்ந்தவர்களுக்கு அது கௌரவக் குறைவு. ராஜபார்ட் அசட்டுத்தனமாகக் காத்து நிற்பதை ஓட்டை வழியாகப் பார்த்தேன், சித்தப்பாவிடம் சொன்னேன்.

"ஒன்ஸ் மோர்!" என்று அலறினார் சித்தப்பா. உடனே வெண்ணந்தூர்ப் பெரியவர், பிறகு எல்லா வண்டிகளும். "ஒன்ஸ் மோருங்க!"

அடுத்த பாட்டுக்கு எடுத்த ஆர்மோனியம் நின்றது. ராஜபார்ட் காதைத் தீட்டினார். "ஏன் ஐயா, கேட்கிறவர்களை வெளியே நிறுத்திவிட்டு நான் யாருக்குப் பாடுவது? தரை நிரம்பட்டும், பாடுகிறேன்" என்று மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். கிரீடத்தையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் கிரீடத்தை மறுபடி வைத்துக்கொள்வதற்குள் தரை இரண்டணாவுக்கு இறங்கிவிட்டது.

சித்தப்பா நாலணாவையும் நீட்டினார்.

"மடிக் கொழந்தைக்கு டிக்கெட்டு வேண்டாமுங்களே?" என்றார் கிழிப்பவர் குறும்பாக.

"இவன் படிச்சவனுங்க. ஒண்ணு சேத்துக் கிழிங்க."

நான் உட்கார்ந்து பார்ப்பதற்காக மணலை மேடாகக் குவித்துக் கொடுத்தார். அடுத்த பாட்டு முடிவதற்குள் நான் அவர் மடியில் தூங்கிவிட்டேன். முழு டிக்கெட்.

விடியற்காலையில் ஊருக்குத் திரும்பினோம். இரவெல்லாம் என் தலையைச் சுமந்து மரத்துப்போன காலோடு சித்தப்பா நொண்டிக்கொண்டே வந்தார். திடீரென்று என் டிக்கெட்டின் பாதியை எடுத்து நீட்டினார்.

"இதுல என்ன போட்டிருக்குது சாமி?"

"தரை, இரண்டணா."

"ஒன்ஸ் மோர்" என்றார்.

படித்தேன். இன்னொரு தரம் கேட்டார். பாட்டுக்குக் கேட்க வேண்டியதை ஒரு துண்டுக் காகிதத்துக்கு ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கொல்லிமலை கண்ணுக்குத் தெரியும்வரை படித்துக்கொண்டே வந்தேன்.