தவணை டிவி
தொண்ணூறுகளில் எங்கள் மைசூர் தொழிற்சாலையில் இருந்த வாட்ச்மேன் ஒடிசலானவர். சீருடையில் மடிப்பு கலையாது. எதையும் பேரம் பேசாமல் வாங்குவார். பாதி மாதத்திலேயே சம்பளம் தீர்ந்துவிடும்.

ஒருநாள் மதியம் என்னிடம் வந்து கைகூப்பினார். "சார், தவணை கட்டலைன்னு சாயங்காலம் டிவியத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. ஐநூறு ரூபா குடுங்க சார். பொண்ணு தாங்கமாட்டா."

கொடுத்தேன்.

மாலையில் தேவராஜா மார்க்கெட் பக்கம் ஒரு துணிக்கடையில், அந்தப் பணத்தில் சின்னப் பட்டுப் பாவாடை வாங்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. "தவணை கட்டலையா?" என்றேன்.

அவர் கண் கலங்கியது. "ஏனு மாடோது சார், என்ன பண்றது? மூணு தவணை பாக்கி. இதைக் கட்டினாலும் தூக்கத்தான் போறாங்க. அழற புள்ளை கையில ஏதாச்சும் குடுக்கணும்ல?"

பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. செய்தது சரியென்று சொல்லவும் இன்றுவரை வாய் வரவில்லை.