பகல் வீட்டுக்கு எழுதிய விண்ணப்பம்

காலை எட்டு மணிக்கு அப்பாவை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுக் கழக்கூட்டத்தில் வேலைக்குப் போக பஸ் ஏறுகிறவள் நான். இதை நல்ல வார்த்தையில் சொல்ல வழி கிடையாது. ஞாபகம் தப்ப ஆரம்பித்த பிறகு அப்பா இரண்டு முறை கரமனை ஆற்றுக்கு நடந்து போய்விட்டார். இரண்டாம் முறை இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். ஆள் வைத்துப் பார்த்தேன். மூன்று பேர் வந்தார்கள், ஒருத்தரும் நிலைக்கவில்லை. வேலையை விட்டால் இருவருக்கும் சோறு இல்லை. ஆகவே பூட்டு.

வயதானவர்கள் பகலில் வந்து இருக்க, சாப்பிட, நாலு பேரோடு பேச எங்கள் வார்டிலும் ஒரு பகல் வீடு வேண்டும் என்று கவுன்சிலரிடம் போய்ச் சொன்னேன். சின்னப் பெண். "இடம் காணிச்சு தா சேச்சி, பாக்கி ஞான் நோக்கிக்கோளாம்" என்றாள். இடம் காட்டினால் மீதியை அவள் பார்த்துக்கொள்வாளாம். இடத்துக்கா பஞ்சம்? எங்கள் தெருக்காரர்களின் பொது மண்டபம், சமூக மடம் என்போம், வருஷத்தில் முக்கால்வாசி நாள் சும்மாதான் கிடக்கிறது.

மடத்துப் பெரியவர்கள் ஒரு விஷயத்துக்கு மூன்று கூட்டம் போடுவார்கள். நாலாவதில் முதல் கூட்டத்தில் பேசியதை மறந்திருப்பார்கள். அதிசயமாக இதற்கு ஒரே கூட்டத்தில் சம்மதித்தார்கள். ஒரு நிபந்தனையோடு.

"சமையலுக்கு நம்மவா வேணும். வெளியிலேர்ந்து சாப்பாடு ஒண்ணும் உள்ள வரப்படாது. அதை எழுத்துல போட்டுடு, கேட்டியா?" என்றார் செயலாளர்.

நான் மறுத்துப் பேசவில்லை. பயந்து அல்ல, எனக்கும் அது சரியாகவே பட்டது. அப்பா ஆயுசில் ஓட்டல் காப்பியைத் தொட்டவர் இல்லை. வேற்றுக் கைச் சமையல் என்றால் பட்டினி கிடப்பார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த நல்ல மலையாளத்தில், விண்ணப்பத்தின் பின்பக்கத்தில், அந்த வரியை நானே எழுதினேன். அழகாக வந்திருக்கிறது என்று இரண்டு தடவை படித்தும் பார்த்தேன்.

வார்டு சபையில் எழுந்து முன்பக்கத்தை வாசித்தேன். அப்பாவைப் பூட்டிவிட்டுப் போவதையும் மறைக்காமல் சொன்னேன். கைதட்டினார்கள். ஆற்றுப்பக்கச் சந்தில் குடியிருக்கும் ஓர் ஆட்டோக்காரர் எழுந்தார். அவர் அம்மாவும் பகலெல்லாம் தனிதானாம். அவளும் வரலாமா என்று கேட்டார். தாராளமாக வரலாம் என்றேன். மதியச் சோற்றை வீட்டிலிருந்து கொடுத்தனுப்பலாமா என்று அடுத்துக் கேட்டார். "மீன்கறி இல்லாதெ அம்ம உண்ணில்லா" என்று சிரித்தார்.

நான் கையிலிருந்த தாளின் பின்பக்கத்தைப் பார்த்தேன். கவுன்சிலர் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்து, அந்த வரியைச் சத்தமாக வாசித்தாள். ஆட்டோக்காரர் சண்டைக்கு வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"சர்க்கார் பணமாணு சேச்சி. ஆ வரி வெட்டிக்கொண்டு வா" என்றாள் கவுன்சிலர். அந்த வரியை அடிக்க முடியாது என்றார்கள் பெரியவர்கள். ஒரு தடவை கேட்டேன். இரண்டாம் தடவை கேட்கவில்லை. நாளைக்கு ஒன்று என்றால் அப்பாவைத் தூக்க நாலு பேர் வேண்டும், ஊரோடு ஒத்துப் போகாமல் முடியுமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பகல் வீடு வேறு வார்டுக்குப் போயிற்று.

சில மாதம் கழித்து, காய்ச்சல் என்று ஒருநாள் மதியமே வீடு திரும்பினேன். எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒரு வயதான அம்மாள் நின்றிருந்தாள். உள்ளே அப்பா மடியில் ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு மரவள்ளிக்கிழங்கை அரைத்த மிளகாயில் தொட்டு, வேகவேகமாகத் தின்றுகொண்டிருந்தார். நான் காலையில் பிசைந்து வைத்த தயிர்சாதம் மேஜையில் மூடியபடியே இருந்தது.

என்னைக் கண்டதும் அவள் பதறினாள். "மீன் ஒண்ணும் தொட்டிட்டில்லா மோளே, இது வேறெ பாத்ரமா" என்றாள். மகன் ஆட்டோ ஓட்டுகிறானாம். அன்றைக்குச் சபையிலிருந்து வந்து, பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் ஒருவரைப் பற்றிச் சொன்னானாம். அதிலிருந்து தினமும் மதியம் இவள் வருகிறாள். மீன் வாடை படக் கூடாது என்று அப்பாவுக்கென்றே தனிப் பாத்திரம் வைத்திருக்கிறாள்.

"நாளைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி கொண்டு வரச் சொல்லேன்" என்றார் அப்பா என்னிடம், கம்பிக்கு உள்ளேயிருந்து.

கதவைத் திறந்து, "உள்ள வாங்கோம்மா" என்று கூப்பிட்டேன். அவள் படியேறவில்லை.

"வேண்டா மோளே, எழுதி வச்சிட்டுள்ளதல்லே?" என்றாள்.

வெளிச் சாப்பாடு உள்ளே வரக் கூடாதென்று எழுதித்தானே வைத்திருக்கிறது என்று கேட்டாள். குரலில் குத்தலே இல்லை. கோவிலில் செருப்பைக் கழற்றுகிறவள் மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அதை எழுதினவள் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.