பலெர்மோவுக்குப் போகாத குரல்

என் மனைவி தன் பேத்தியோடு பேச அஞ்சியபடியே இறந்தாள். அந்த அச்சத்தை அவளுக்குள் வைத்தவன் நான்.

இதை என் மகளிடம்கூட நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள் என்பதனாலா? இருக்கலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் செசிலியாவும் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனியின் வுப்பர்டாலுக்கு வந்து சேர்ந்தோம். மகள் பலெர்மோவில் ஓர் இத்தாலியரை மணந்திருந்தாள். மகளின் மாமியார் மடியில் வளர்ந்த பேத்தி ரோசாவுக்கு இத்தாலியம் மட்டுமே தெரியும். எங்கள் புகலிட விண்ணப்பம் முடிவாகும்வரை நகர எல்லையைத் தாண்ட அனுமதியில்லை. மகளுக்கும் அங்கே பயணப் பத்திரங்கள் கிடைத்திருக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலயத்தருகே இருந்த தொலைபேசிக் கூண்டுக்குப் போவோம். அந்தப் பிள்ளை எங்களுக்கு ஒரு குரல். அவ்வளவுதான்.

இளமையில் குருத்துவம் பயில உரோமைக்கு அனுப்பப்பட்டவன் நான், இடையில் விலகியவன். மொழி மட்டும் என்னை விட்டு விலகவில்லை. அதைச் செசிலியாவுக்குக் கற்பிக்க முனைந்தேன், முன்னிடைச்சொற்களிலிருந்து. நம் மொழியில் வேற்றுமை உருபு பெயரின் பின்னே அடக்கமாக ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒரு சிறுசொல் பெயருக்கு முன்னே வந்து நிற்கும். நகரத்துக்குப் போவதற்கு ‘ஆ’, நாட்டுக்குப் போவதற்கு ‘இன்’, ஓர் ஆளிடம் போவதற்கு ‘தா’.

“இதென்னப்பா, படலைக் காவல்காரன் மாதிரி எல்லாத்துக்கும் முன்னாலை வந்து நிக்குது?” என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை.

கூண்டினுள் அவள் பேசுவாள். கதவைக் காலால் திறந்துபிடித்தபடி நான் வெளியே நிற்பேன். உன்னிடம் வருகிறேன் என்ற பொருளில் “வெங்கோ ஆ தே” என்பாள். “தா தே” என்பேன். நிறுத்துவாள், திருத்துவாள், அடுத்த சொல்லில் மீண்டும் இடறுவாள். மறுமுனையில் பிள்ளை காத்திருக்கும்.

எங்களுக்குப் பின்னால் நின்ற மன்னார்க்காரர் ஒருவர் ஒருநாள் கேட்டார்: “அண்ணை, அக்கா பேத்தியோடை கதைக்கிறாவோ, சோதினை எடுக்கிறாவோ?”

செசிலியா ரிசீவரைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: “பிள்ளைக்கு விளங்குதப்பா. உங்களுக்குத்தான் விளங்கேல்லை.”

வரிசையே சிரித்தது. வீடு திரும்பும் வழியில் நான் மெதுவாகச் சொன்னேன்: “பிழையில்லாமல் கதைக்கப் பழகுமட்டும் நீர் போனைத் தொடவேண்டாம்.”

ஏன் சொன்னேன்? அப்போது நான் ஒரு விடுதியின் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். நான் கற்றவன் என்பதை அங்கே எவரும் அறியார். அந்தக் கூண்டின் வாசலில் மட்டுமே நான் கற்றவனாய் இருந்தேன்... காரணம் இவ்வளவுதான். இதைச் சொல்லி எதிலிருந்து தப்பப் போகிறேன்?

அவள் தொடவில்லை. நான் பேசினேன், அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று என் உதடுகளைப் பார்த்தாள். ரோசா அம்மம்மாவைக் கேட்டபோதெல்லாம் கூச்சப்படுகிறார் என்றேன். மகளிடமும் அதையே சொன்னேன்.

பின்னர் நோய் வந்தது. மருத்துவமனைக் கட்டிலருகே தொலைபேசி இருந்தது. மகள் அழைத்துப் பிள்ளையிடம் கொடுத்தாள். ரிசீவரைச் செசிலியாவின் காதில் வைத்தேன்.

“என்னவெண்டாலும் கதையும்,” என்றேன். “எப்பிடியெண்டாலும்...”

அவள் உதடுகள் பிரிந்தன. பிறகு கண்கள் என் முகத்துக்கு வந்தன. என் நெற்றி சுருங்குகிறதா என்று பார்த்தாள்.

“ஏலாதப்பா. பிழை விட்டிடுவன்.”

ரிசீவரை அவளே என் கையில் தந்தாள். மறுநாள் அவளுக்கு நினைவு தப்பியது, திரும்பவில்லை.

இப்போது வீட்டிலேயே தொலைபேசி இருக்கிறது. ஞாயிறுகளில் ரோசா அழைக்கிறாள். சென்ற ஞாயிறு கேட்டாள், அம்மம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லையா என்று.

பிடிக்கும், கூச்சம்தான் அதிகம் என்றேன்.

இத்தாலியத்தில்தான் சொன்னேன். ஒரு முன்னிடைச்சொல்கூடப் பிசகவில்லை.