சுவர்முட்டியும் மகராசனும்

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் சுவர்முட்டி. கிண்டலுக்கு வைத்ததுதான். ஆனால் அவர் வேலையை அதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. கம்ப்யூட்டரில் ஆடும் துப்பாக்கி கேம்களில் வருகிற அறை, நடை, மாடிப்படி என்று எல்லாவற்றிலும் புகுந்து ஒவ்வொரு சுவராகப் போய் முட்டுவார். எங்காவது ஓட்டை இருந்தால் ஆடுகிறவன் அதன் வழியாகக் கீழே விழுந்துவிடுவான், அத்தோடு கேம் போச்சு. அந்த ஓட்டையை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்லத்தான் அவருக்குச் சம்பளம். சுவரை உரசுவார், குதிப்பார், குனிவார், அப்புறம் அடுத்த மூலைக்குப் போவார். கல்யாணமான புதிதில் என் தங்கை, "கேம் ஆடுறதுக்குச் சம்பளமா, குடுத்து வெச்சவருதான்க்கா அத்தான்" என்று வாயைப் பிளந்தாள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

அவர் வேலை பார்த்த கம்பெனியை நடத்தியவர் ஒரு காலத்தில் பெரிய ஆள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் சார். எனக்கு மகராசன். நேரில் அப்படிக் கூப்பிட்டதில்லை, வயிறு எரியும்போது வீட்டில் வாயில் வருகிற பெயர் அது. பாதி நாள் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவருக்கு வந்த புகழ் சும்மா வந்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆடுகிறவன் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் திரையில் தெரியும், அடியில் துப்பாக்கி பிடித்த கை நீட்டிக்கொண்டிருக்கும், அந்த வகைக் கேம்கள் அவருக்கு முன்பே இருந்தன. அவர் அதில் பயத்தைக் கொண்டுவந்து வைத்தார். அவருடைய முதல் கேம் ஆளில்லாத ஒரு ஆஸ்பத்திரியில் நடக்கும். கையில் குண்டு எப்போதும் பற்றாது. கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். திறப்பதா, திரும்பிப் போவதா என்று ஒவ்வொரு கதவின் முன்னாலும் நின்று யோசிக்க வேண்டும். நானே ஒரு தடவை ஆடிப் பார்த்தேன். இரண்டாவது கதவிலேயே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். அவர் படம் போடாத பத்திரிகை அப்போது இல்லை.

அதற்குப் பிறகு வந்தவை ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி கீழே. இரண்டாவதைப் பாராட்டினார்கள், மூன்றாவதைப் பொறுத்துக்கொண்டார்கள், நான்காவதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அதற்குள் துப்பாக்கி கேம்களே வேறு மாதிரி ஆகிவிட்டன. ஒரு கூட்டத்தையே ஒரு தீவில் இறக்கிவிட்டு ஒருத்தரை ஒருத்தர் சுடச் சொல்கிறார்கள். வருஷா வருஷம் அதே போர், அதே மணல்மூட்டை, பெயருக்குப் பின்னால் எண் மட்டும் ஒன்று கூடும். செத்தாலும் அடுத்த நொடி எழுந்து ஓடலாம் என்றால் பயம் எங்கிருந்து வரும்? துப்பாக்கிக்குத் தங்க நிறம், தலைக்கு முயல்காது வைத்த தொப்பி என்று கேமுக்குள்ளேயே கடை விரிப்பதில்தான் எல்லோருடைய மூளையும் போகிறது.

"எங்க காலேஜ்ல உங்க சார் பேரைச் சொன்னா, எந்த டிபார்ட்மென்ட்னு கேப்பாங்கப்பா" என்று எங்கள் மகள் ஒரு நாள் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

அவரைச் சிரிக்க வைக்க முடியாத விஷயம் அது ஒன்றுதான். நடுவில் இரண்டு மூன்று கம்பெனிகள் கூப்பிட்டன, போகவில்லை. "ஒரு ரூமைப் பத்தி சார் யோசிக்கிற மாதிரி வேற யாரும் யோசிக்க மாட்டாங்க" என்பார். "அவர் யோசிச்சுக்கிட்டே இருக்கட்டும், நீங்க முட்டிக்கிட்டே இருங்க" என்பேன் நான். ஆனால் ஒன்று, அந்த மனுஷன் மேல் இவர் வைத்திருந்த பிரியத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததைப் போலவே பொறாமையும் வந்திருக்கிறது.

ஐந்தாவது கேம்தான் கடைசி வாய்ப்பு என்று ஆகிவிட்டது. பெரிய கண்காட்சி ஒன்றில் மேடையேற்றிக் காட்ட வேண்டும், கூட்டம் அசைந்தால் தொடரலாம், இல்லையென்றால் கம்பெனியை மூடிவிடலாம் என்று முதல் போட்டவர்கள் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் என் வீட்டுக்காரர் எங்கே போவார்? வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, சுவரில் முட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. எங்களுக்குள் பேச்சு குறைந்துபோனது. சாப்பிடும்போதுகூட அவருடைய இரண்டு கட்டைவிரல்களும் தட்டின் ஓரத்தில் எதையோ அழுத்திக்கொண்டே இருக்கும்.

மேடையில் கேம் காட்டுவதில் ஒரு வழக்கம் உண்டு, வெளியில் பலருக்குத் தெரியாது. மகராசனுக்குக் கட்டைவிரல் மூட்டில் வலி வந்து பல வருஷம் ஆகிறது. வேகமாக ஆட வராது. அதனால் அவர் மேடையில் பொத்தான்கள் வைத்த அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பேசுவார், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் ஆடுவார். சினிமாவில் பாட்டுக்கு வாயசைப்பதைப் போலத்தான். சார் எந்த வார்த்தை சொன்னால் எந்தக் கதவு, எங்கே நிற்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொள்வார்கள். இரண்டாவது கேமிலிருந்து இப்படித்தான். யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அந்த முறை ஊழியர்களின் வீட்டாருக்கும் இடம் கொடுத்தார்கள். கடைசி வரிசையில் நானும் மகளும் உட்கார்ந்திருந்தோம். மகராசன் மேடைக்கு வந்தபோது முன்வரிசையில் நரைத்த தலைகள் கொஞ்சம் எழுந்து நின்று கை தட்டின. பின்னால் இருந்த இளவட்டம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கேம் நன்றாகத்தான் போனது. இருட்டு நடை ஒன்றில் போய்க்கொண்டே இருக்க, எங்கேயோ தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்த ஒரு பையன் போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். மகராசனும் அதைக் கவனித்திருக்க வேண்டும், குரலில் தெம்பு வந்தது. ஒரு ஜன்னல் பக்கம் நிற்க வேண்டிய இடம் வந்ததும், ஒத்திகையில் இல்லாத பழைய கதை ஒன்றை எடுத்துவிட்டார். முதல் கேமைச் செய்த நாட்களில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்த கதை. கூட்டம் ரசித்தது. கதை நீண்டது.

திரைக்குப் பின்னால் என் வீட்டுக்காரருக்குச் செய்ய ஒன்றுமில்லை. சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சும்மா நிற்பதுதான் அவர் கைக்குத் தெரியாது. கேமில் அந்த ஜன்னலுக்குப் பக்கத்து மூலையில் ஒரு விளக்கு இருந்தது. மேடையில் காட்டும்போது அழகாக இருக்கட்டும் என்று முந்தின நாள்தான் வைத்திருக்கிறார்கள். இவர் ஒத்திகையில் இருந்ததால் அந்த மூலையை முட்டிப் பார்க்கவில்லை. படம் மெல்ல அந்த விளக்குப் பக்கம் நகர்ந்தது. உரசினார், குதித்தார், குனிந்தார். தரை வழியாகக் கீழே விழுந்துவிட்டார்.

திரை முழுக்க ஒரே சாம்பல் நிறம். மேலே அந்த அறைகள் எல்லாம் அட்டைப் பெட்டிகள் போலத் தொங்கின. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சுட வேண்டிய எதிரிகள் காலை அகட்டிக்கொண்டு யாருக்காகவோ காத்து நின்றார்கள். கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. மகராசனும் சளைக்கவில்லை. கைப்பிடியை மேசையில் வைத்தார், இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார், "பழைய வீடு, அங்கங்க ஓட்டை இருக்கத்தான் செய்யும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அவருக்குப் பின்னால் படம் நகர்ந்துகொண்டே இருந்தது. மேடை தெரியாத இடத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் மேலே ஏறுவதற்கு வழி தேடிக்கொண்டிருந்தார். இடது பக்கம் போனார், வலது பக்கம் போனார், அண்ணாந்து பார்த்தார், குதித்தார். மகராசனின் இரண்டு கையும் இன்னும் மேலேயே இருந்தன. முதலில் கை தட்டல் நின்றது. பிறகு வேறு விதமான சிரிப்பு கிளம்பியது.

அவர் கேம்களை ஆடியவர்களைவிட அந்த ஒரு நிமிஷ வீடியோவைப் பார்த்தவர்கள் அதிகம். திரைக்குப் பின்னால் இருந்தது யார் என்று நிருபர்கள் கேட்டார்கள். "யாரோ ஒரு பையன். தற்காலிகமா வந்தவன். எனக்குச் சரியா தெரியாது" என்றார் மகராசன். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து மூன்று பேரும் அதைப் பார்த்தோம். தலை நரைத்து, முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிற அந்தப் பையன் டிவியை அணைத்தார்.

கம்பெனியை மூடினார்கள். கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு இவர் வேறு இடத்தில் சேர்ந்தார். தீவில் இறக்கிவிடும் கேம் ஒன்று. அங்கே இவருக்குத் தொப்பி வேலை. புதிதாக வரும் ஒவ்வொரு தொப்பியும் தலைக்குள் புகுந்துவிடுகிறதா, முயல்காது சுவருக்குள் போய்விடுகிறதா என்று பார்க்க வேண்டும். "எப்படி இருக்கு வேலை?" என்று கேட்டால் "தொப்பி நிறைய வருது" என்பார்.

மகராசன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை வைத்து எங்களுக்குள் நடந்த சண்டைதான் பெரிய சண்டை. கூடவே இருந்தவரைத் தெரியாது என்று கைகழுவிவிட்டார் என்பது என் கட்சி. இவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

"என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னாரு. என் பேரைச் சொல்லியிருந்தா எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

"அப்படின்னா ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே."

"அவருக்கு என்ன கஷ்டமோ."

அதற்கு மேல் நான் பேசினால் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்து தொப்பி பார்க்கப் போகிறார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் விடமாட்டேன், என் வாய் அப்படி.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். போன வாரம் அங்கே மகராசன் வந்தார். வரவேற்பில் இருந்த பெண் அவர் பெயரை இரண்டு தடவை கேட்டு எழுதினாள். அவளுக்கு அது ஒரு பெயர், அவ்வளவுதான். ஆள் இளைத்துப் போயிருந்தார். கண்ணாடிக்கு அளவெடுக்க அவர் முகத்துக்கு நேராக நான் உட்கார்ந்தேன். என்னை அடையாளம் தெரிந்ததும் எழுந்துவிடப் பார்த்தார்.

"அசையாதீங்க சார், அளவு தப்பிடும்" என்றேன். அளவுகோலை அவர் மூக்கின் மேல் வைத்தபடியே கேட்டும்விட்டேன். "அன்னிக்கு ஏன் சார் அப்படிச் சொன்னீங்க? அவரைக் காப்பாத்தவா, கைகழுவவா?"

கண்ணாடி இல்லாத அவர் கண்கள் சின்னதாக, ஈரமாக இருந்தன.

"ரெண்டும் இல்லம்மா. பயந்துட்டேன். அவ்வளவு பேர் சிரிச்சதும் வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அவனைப் பத்தி அந்த நேரத்துல நான் யோசிக்கவே இல்ல." பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "மூணாவது கேமுக்கு அப்புறம் நான் எதையும் உருப்படியா செய்யலம்மா. அது அவனுக்குத் தெரியும். ஒரு நாள்கூட முகத்துல காட்டினதில்ல. நான் போன் பண்ணி என்ன பேசறது? நீங்களே அவன்கிட்ட எதாவது சொல்லிடுங்க."

அதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். இத்தனை மாதம் சண்டை போட்டதில் நான்தான் ஜெயித்திருக்கிறேன், சொல்லப்போனால் நான் நினைத்ததைவிட மோசமாக. கைகழுவுவதற்காவது ஒருவரை நினைக்க வேண்டும். வீட்டுக்கு நடந்துவரும் வழியெல்லாம் எனக்குத் துக்கமாக இருந்தது.

இவர் கழுவிய தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு உங்க சார் கடைக்கு வந்திருந்தாருங்க."

கை நின்றது. "எப்படி இருக்காரு?"

"கொஞ்சம் இளைச்சிருக்காரு. மத்தபடி பரவாயில்ல."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்க நினைக்கிறார், கேட்கப் பயப்படுகிறார் என்பது அந்தத் துணியைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. நானே சொன்னேன். "நான் கேட்டுட்டேங்க. நீங்க சொன்னதுதான் சரி. உங்க பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னாராம். நான்தான் தப்பா நெனச்சிட்டேன். நல்ல மனுஷன்."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல அவரைப் பத்தி நீ ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லையே" என்றார்.

அவர் மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த தட்டையே திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டிருந்தார். நான்தான் அதை அவர் கையிலிருந்து வாங்கி அடுக்கில் வைத்தேன்.