சார்ஜா பக்கம், சென்னை தூரம்

சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடிய பேருந்து காலை வெயிலில் வடசேரி நிலையத்துக்குள் நுழைகிறது.

"அம்மைக்கு சீரியஸ்னு நேத்து சாயங்காலம் போன் வந்துது. அண்ணன் சார்ஜாவுல கெடக்கான். பக்கத்துல இருக்கியது நான்தான்" என்று வழியெல்லாம் சொல்லி வந்த பக்கத்து இருக்கைப் பெண் முதல் ஆளாக இறங்குகிறாள். இறங்கியவள் படியருகிலேயே உறைந்து நிற்கிறாள். எதிரே அந்த அண்ணன். 

"நீ எப்பிடிண்ணா எனக்கு முன்ன வந்த?"

"பிளைட்டு நாலு மணிக்கூருதானே மக்கா. திருவனந்தரத்துல எறங்கி, விடியதுக்கு முன்னயே அம்மைக்க பக்கத்துல வந்துட்டேன்."

"இப்பம் எப்பிடி இருக்கா?"

அவன் அவளுடைய பையை வாங்கிக்கொள்கிறான்.

"ஒன்னயத்தான் கேட்டா. கோயில்பட்டி தாண்டியிருப்பான்னு சொன்னேன். 'இன்னுமா'ன்னு கேட்டா. பொறவு ஒண்ணும் கேக்கல்ல."