ஸ்டீவன் குடிக்கவில்லை

எங்கள் எதிர்வீட்டு ஸ்டீவன் மூக்குமுட்டக் குடித்த காலத்தில் அவரை யாரும் எந்தப் பதவியிலிருந்தும் இறக்கவில்லை. இறக்குவதற்கு அப்போது பதவி ஏது என்பது வேறு விஷயம். பதினோரு வருஷம் ஒரு சொட்டும் தொடாமல் இருந்த பிறகுதான், குடித்துவிட்டார் என்று சொல்லித் தலைவர் நாற்காலியிலிருந்து இறக்கினார்கள். இறக்கியவர்கள் கெட்டவர்களும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பேன்.

ஸ்டீவனின் அப்பா அம்மா பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் பிழைத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டிய முதல் ஆள் இவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி செய்கிற மில். உலையிலிருந்து சிவக்கச் சிவக்க வரும் இரும்பை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிடும் வேலை. ஷிப்ட் முடிந்ததும் உடம்புச் சூடு இறங்கட்டும் என்று எல்லோருமாகக் கடைக்குப் போவார்கள். சூடு இறங்கியதோ இல்லையோ, பழக்கம் ஏறிவிட்டது. ஒருநாள் அடுப்பில் சோறு பாதி வெந்துகொண்டிருக்கும்போதே சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு போய் விற்றுவிட்டு வந்தார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அரைவேக்காட்டுச் சோற்றுப் பானையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்ற கிரேஸ் மட்டும் சிரிக்கவில்லை.

கிரேஸ் அவர் மனைவி. தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவள். புருஷனைத் திருத்தாமல் விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சென்னையில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தாள். வெளியே வந்து குடித்தார். மறுபடி சேர்த்தாள், மறுபடி குடித்தார். மூன்றாம் தடவை ஏனோ பிடித்துக்கொண்டது. ஏன் என்று கேட்டால் ஸ்டீவனுக்கே தெரியாது. "அவளுக்கு சலிக்கல, எனக்கு சலிச்சிப் போச்சி" என்பார்.

பிறகு பைபாஸ் ஓரம் ஒரு பழைய குடோன் மாடியை வாடகைக்குப் பிடித்து அவரே ஓர் இல்லம் தொடங்கினார். மில்லில் கூட வேலை பார்த்தவர்களே முதலில் வந்தார்கள். அங்கே மூன்று சட்டம். ஒன்று, உள்ளே வருகிறவன் தரையில் டைல்ஸ் கோட்டின் மேல் நடந்து காட்ட வேண்டும். "வாய் பொய் சொல்லும் நைனா, காலு சொல்லாது" என்பார். இரண்டு, குடிக்கவில்லை என்று எவன் சொன்னாலும் நம்பக்கூடாது. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. மூன்று, சேர்ந்த புதிதில் வீட்டார் பார்க்க வரக்கூடாது, போனும் கிடையாது. பெண்டாட்டி வந்தால் கண்ணீர் வரும், கண்ணீர் வந்தால் கதவு திறக்கும் என்பது அவர் கணக்கு. கடுமைதான். ஆனால் அந்தக் கடுமையில் பிழைத்தவர்கள் எங்கள் பக்கம் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

அப்படிப் பிழைத்தவர்களில் ஒருவர்தான் ராஜமாணிக்கம். பொன்னேரிக்கு அந்தப் பக்கம் சொந்த நெல்வயல் உள்ள குடும்பம். அண்ணன்மார் கையைக் காலைக் கட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். ஸ்டீவன்தான் கட்டை அவிழ்த்து, கஞ்சி ஊட்டி, ஆளாக்கி அனுப்பினார். பின்னாளில் ராஜமாணிக்கமும் தேர்வாய் கண்டிகைச் சாலையில் ஓர் இல்லம் வைத்தார். திருவள்ளூரிலிருந்து இந்த ஆந்திர எல்லை வரை இல்லம் நடத்துகிறவர்கள் எல்லாம் சேர்ந்து சங்கம் அமைத்தபோது, ஸ்டீவனைத் தலைவராக்க முதலில் கை தூக்கியவரும் அவர்தான். எங்கோ ஓர் இல்லத்தில் நடத்துகிறவனே குடித்துவிட்டு நோயாளிகளை அடித்து, அதிகாரிகள் வந்து சீல் வைத்த நேரம் அது. அதனால் ஸ்டீவன் சங்கத்துக்கும் சட்டம் போட்டார். கூட்டம் தொடங்குமுன் எல்லோரும் குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் மெஷினில் ஊத வேண்டும், தலைவர் முதலில் ஊத வேண்டும். தலைவரே வழுக்கினால் அன்றைக்கே பதவி போய்விடும். அவரை இன்னொரு உறுப்பினரின் இல்லத்தில் மற்றவர்களைப் போலவே சேர்த்துவிட வேண்டும்.

போன மழைக்காலத்தில் கவரைப்பேட்டை அருகே சேற்றில் வண்டி சறுக்கி ஸ்டீவன் விழுந்தார். ஹெல்மெட் வழக்கம்போல வண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் இல்லை, நெற்றிப்பொட்டு ஓரம் ஒரு வீக்கம்தான். கிரேஸ் ஐஸ் வைத்து அமுக்கினாள். இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது, எல்லோரும் மறந்துபோனோம்.

ஒரு மாதம் கழித்துத்தான் அவர் நடை மாறியது. இடது காலை இழுத்து இழுத்து வைத்தார். பேச்சில் நடுநடுவே வார்த்தை வழுக்கியது. பட்டப்பகலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். ஒருநாள் என் வீட்டைத் தன் வீடு என்று நினைத்து உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார். "இன்னா ஸ்டீவன்ணே, ஊடு மாறிட்டீங்களா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வெளியே போனார். தெருமுனையில் மூன்று பேர் அதைப் பார்த்தார்கள். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்லும் உலகம். இவரோ ஒரு காலத்தில் பனைமரத்தடியே கதியென்று கிடந்தவர். பேச்சு பொன்னேரி வரைக்கும் போய்விட்டது.

சங்கக் கூட்டம் பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. ஸ்டீவனைத் தனியாக அனுப்பப் பயந்து கிரேஸும் கூடப் போனாள். துணைக்கு என்னையும் அழைத்துப் போனாள். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்தோம்.

செயலாளர் சந்திரகலா மெஷினை ஸ்டீவனிடம் நீட்டினார். முதல் தடவை ஊதியபோது உதட்டோரம் காற்று ஒழுகிப் போய்விட்டது. இரண்டாம் தடவை ஊதினார். "ஜீரோதான் காட்டுது" என்றார் சந்திரகலா. அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. "மாத்திரைய மெஷின் இன்னாத்த காட்டும்?" என்று யாரோ சொன்னார்கள். இப்போது எங்கள் பக்கத்தில் பையன்கள் பலரும் போதை மாத்திரையில்தான் விழுகிறார்கள். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ராஜமாணிக்கம் எழுந்து பக்கத்தில் போனார். "அண்ணே, கோச்சிக்காதீங்க. கொஞ்சம் நடந்து காட்டுங்க."

ஸ்டீவன் கோபித்துக்கொள்ளவில்லை. தான் போட்ட சட்டம்தானே என்பதுபோல எழுந்தார். டைல்ஸ் கோட்டில் வலது காலை வைத்தார். இடது கால் வரமாட்டேன் என்றது. நாலடி போவதற்குள் சாய்ந்தார். ராஜமாணிக்கம் ஓடிவந்து தாங்கிக்கொண்டார். தாங்கினவருக்குக் கண்ணில் நீர் கொட்டியது.

"நான் குடிக்கல மாணிக்கம்" என்றார் ஸ்டீவன். அந்த வார்த்தையும் அவர் வாயில் குழறியது.

இல்லம் நடத்தும் அந்த ஆண்கள் அநேகமாக எல்லோருமே குடித்து மீண்டவர்கள், ஒரு காலத்தில் இதே வாக்கியத்தைப் பெண்டாட்டியிடம், பெற்றவளிடம், சூப்பர்வைசரிடம் சொன்னவர்கள். சொன்ன ஒரு தடவைகூட அது உண்மையாக இருந்ததில்லை. அவர்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்? வேறு எந்தச் சங்கமாக இருந்தாலும், வியாபாரிகள் சங்கமோ ஆட்டோ சங்கமோ, ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். தள்ளாட்டத்தை வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகியவர்களுக்கு, தள்ளாடுகிறவனைக் கண்டால் வேறு எதுவும் தோன்றவில்லை. போதாததற்கு, அடுத்த வாரம் அதிகாரிகள் சோதனைக்கு வருவதாக இருந்தது. தலைவரே இப்படி என்று தெரிந்தால் எல்லா இல்லத்துக்கும் பூட்டு விழும் என்று பயந்தார்கள்.

புதுத் தலைவராக ராஜமாணிக்கம் என்று சந்திரகலா சொன்னார். ஒத்துக்கொள்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார். ஒவ்வொரு கையாக எழுந்தது. ஸ்டீவனும் தூக்கினார். அந்த வலது கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

வெளியே கைகழுவும் இடத்தில் கிரேஸ் ராஜமாணிக்கத்தை மடக்கினாள். "தம்பி, அவர் குடிச்ச காலம்லாம் மோந்து மோந்து பாத்தவ நானு. அவரு கிட்ட வாசன இல்ல. எனக்குத் தெரியாதா?"

"மாத்திரைக்கு வாசன ஏது அண்ணி?" என்றார் ராஜமாணிக்கம். ஸ்டீவனின் சட்டைப் பையிலிருந்து எடுத்ததைக் காட்டினார். மருந்துக்கடையில் கத்தரித்துக் கொடுத்த மாத்திரை அட்டைத் துண்டு. பேர் போட்ட பக்கம் கடையிலேயே நின்றுவிட்டது. தலைவலிக்கு வாங்கியது என்று ஸ்டீவன் சொன்னாராம். தலைவலி என்று சொல்லாத மாத்திரைக்காரன் எவன்?

கிரேஸ் அந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிலிண்டர் காணாமல் போன வீட்டுக்காரி அவள். மனசின் ஓரத்தில் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. "என் இல்லத்துல கொஞ்ச நாள்தான் அண்ணி. என்னைப் பொழைக்க வெச்ச மனுசன். நான் விட்ருவனா?" என்றார் ராஜமாணிக்கம். கிரேஸ் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து இரண்டு லுங்கியும் பைபிளும் எடுத்துக் கொடுத்தாள். ஸ்டீவன் இடுப்பிலிருந்த இல்லத்துச் சாவிக்கொத்தை எடுத்து ராஜமாணிக்கம் கையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

பிறகு சட்டப்படி போனும் இல்லை, பார்க்கவும் முடியாது. கிரேஸ் தினமும் ராஜமாணிக்கத்துக்குப் போன் போட்டாள். "நல்லா தூங்குறாரு அண்ணி. உள்ள போனது எறங்கிக்கினு கீது. பேஜாராகாதீங்க" என்பார். தூங்கினால் நல்லது என்பது அவர்களுடைய அனுபவம். கிரேஸும் நம்பினாள். என்னிடம் வந்து, "தூங்குறாராம்" என்று சொன்னபோது அவள் முகத்தில் ஒரு தெளிவுகூட இருந்தது.

ஒருநாள் காலையில் நாஷ்டாவுக்கு எழுப்பப் போனார்கள். ஸ்டீவன் எழுந்திருக்கவில்லை. ஒரு கண் மட்டும் பாதி திறந்திருந்தது. ராஜமாணிக்கம் அவரைக் காரில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் பறந்தார். அங்கே தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து தேங்கியிருந்தது. எங்கேயாவது விழுந்தாரா என்று டாக்டர் கேட்டார். எப்போதோ வாங்கிய சின்ன அடி போதுமாம். பழைய குடிகாரர்களுக்கு இது சீக்கிரம் வருமாம். கால் இழுப்பதும் நாக்குக் குழறுவதும் அதனால்தான். முன்னாடியே வந்திருந்தால் சின்னத் துளை போட்டு ரத்தத்தை எடுத்துவிட்டு, நடக்கவைத்தே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்றார். "நீங்க இதே வேலைல இருக்கீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே" என்று ராஜமாணிக்கத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த மனுஷன் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். ஸ்டீவன் கண் விழிக்கவே இல்லை. கிரேஸ் இரண்டு நாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். மூன்றாம் நாள் உயிர் போனது. எடுத்துவந்து எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். அவர் நடக்கவைத்த ஆட்கள் அத்தனை பேரும் வந்தார்கள். மில்லில் ஒரு ஷிப்டே காலியாம்.

அடக்கம் முடிந்த வாரத்தில் ராஜமாணிக்கமும் சந்திரகலாவும் கிரேஸ் வீட்டுக்கு வந்தார்கள். நானும் இருந்தேன். இனி டாக்டர் பார்க்காமல் யாரையும் உள்ளே வைத்துப் பூட்டுவதில்லை என்று சங்கத்தில் முடிவாம். பதவி வேண்டாம் என்று ராஜமாணிக்கம் எழுதிக் கொடுத்தாராம், மற்றவர்கள் விடவில்லையாம். அடுத்த கூட்டத்தில் ஸ்டீவன் படத்தைத் திறந்துவைத்து, அவர் குடிக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறார்களாம். கிரேஸ் வர வேண்டும் என்று சந்திரகலா கேட்டுக்கொண்டார்.

கிரேஸ் ராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பினாள். "உள்ள இருந்தப்போ இன்னா பேசினாரு தம்பி?" என்று கேட்டாள்.

ராஜமாணிக்கம் தரையைப் பார்த்தார். அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உங்களைத்தான் கேட்டார் அண்ணி என்று சொல்லியிருந்தால் எங்கள் எல்லோர் மனசும் தாங்கியிருக்கும். பொய்யே பேசக்கூடாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஸ்டீவன்.

"மொத ரெண்டு நாளு குடிக்கல குடிக்கலன்னே சொல்லிக்கினு இருந்தாரு அண்ணி. அப்புறம் ஒருநாளு என்னைக் கூப்பிட்டாரு. மாணிக்கம், எனக்கு ஒண்ணும் ஞாபகமே இல்ல, நீங்க இவ்ளோ பேரு சொல்றீங்க, நான் குடிச்சிட்டன் போலகீது. கிரேஸ் கிட்ட மன்னிப்பு கேட்டன்னு சொல்லுன்னாரு." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒத்துக்கினாரேன்னு நாங்க எல்லாம் கை தட்டினோம் அண்ணி. ஒத்துக்கினா கை தட்றது பழக்கம். அவருதான் பழக்கி வெச்சாரு."

கிரேஸ் அழவில்லை. ராஜமாணிக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டத்துல எல்லாருக்கும் சொல்லப் போறீங்க. நல்லது" என்றாள். "அவரு கிட்ட யாராச்சும் சொன்னீங்களா, நீ குடிக்கலன்னு?"

ராஜமாணிக்கம் இல்லை என்று தலையாட்டினார்.